தட்டில் இருந்ததும் பந்தியில் இருந்ததும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து, சாப்பிட்டு, காலை நீட்டி உட்கார்ந்த பிறகு படியுங்கள். சாப்பாட்டைப் பற்றிய பதிவு என்பதால் வயிறு நிறைந்திருப்பது நல்லது.

விடுதியில் சாப்பாடு சரியில்லை என்று மாணவர்கள் தட்டோடு சாலையில் உட்கார்ந்த செய்தி வருஷத்துக்கு நாலு தடவையாவது பேப்பரில் வருகிறது. அதை நம் குழுவில் பகிர்ந்து, "நாங்களெல்லாம் பழைய சோற்றைக் குடித்துப் படிக்கவில்லையா? இந்தக் காலத்துப் பசங்களுக்கு நாக்கு நீளம்" என்று சிலர் எழுதுகிறீர்கள். யாரென்று பெயர் சொல்ல மாட்டேன். அப்படி எழுதியவர்களில் இரண்டு பேர் ஐந்தாம் வகுப்பில் கோதுமை உப்புமாவை ஜன்னல் வழியாக நாய்க்குப் போட்டது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இந்தக் காலத்துப் பசங்க" என்ற பேச்சு சரித்திரத்துக்குப் பொருந்தாது. படிக்கிற பிள்ளைகள் சாப்பாட்டுக்காகச் சண்டை போட்டது ஏறக்குறைய 400 வருஷத்துக் கதை. அது நம் தமிழ்நாட்டின் அரசியலையே ஒருமுறை திருப்பிப் போட்டிருக்கிறது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

முதலில் அமெரிக்கா. அங்கே நம் பிள்ளைகள் சிலர் வேலை பார்க்கிறார்கள் என்பதால் அவர்களுக்கு மரியாதை கொடுத்துவிடலாம்.

ஹார்வர்டு என்ற பெயரைக் கேட்டாலே நமக்கெல்லாம் ஒரு பிரமிப்பு. 1636-இல் ஏற்பட்ட கல்லூரி அது. அதை முதலில் நடத்தியவர் நத்தானியேல் ஈட்டன். பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் பொறுப்பு அவர் மனைவியிடம் இருந்தது. குடலைக்கூட எடுக்காமல் மீனைச் சமைத்துப் போட்டார்கள், கூழில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது, ரொட்டி வாயில் வைக்க முடியவில்லை என்றெல்லாம் புகார் வந்தது. ஈட்டனோ தன் உதவியாளரைத் தடியால் அடித்தவர். விஷயம் 1639-இல் நீதிமன்றம் வரைக்கும் போய், அவர் வேலையை விட்டு நீக்கப்பட்டார். கல்லூரியே கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது. உலகப் புகழ் பெற்ற ஹார்வர்டின் முதல் பெரிய தகராறு சமையலறையிலிருந்து வந்தது!

அதைவிடப் பெரியது 1766-இல் நடந்தது. காலை உணவுக்கு வைத்த வெண்ணெய் ஊசிப்போய் நாற்றம் அடித்தது. ஆசா டன்பார் என்ற மாணவர் எழுந்து நின்று, நாறாத வெண்ணெய் வேண்டும் என்று சொன்னார். கல்லூரி நிர்வாகம் வெண்ணெயை விசாரிப்பதற்கு முன்னால் அவரை விசாரித்தது. ஆசிரியருக்குக் கீழ்ப்படியாமை என்ற குற்றம் அவர் மேல் சுமத்தப்பட்டது. உடனே மற்ற மாணவர்கள் அவருக்காக எழுந்துவிட்டார்கள். கூட்டமாக வெளியே போய் ஊருக்குள் காலை உணவை முடித்தார்கள். கடைசியில் மாணவர்கள் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டி வந்தது. வெண்ணெய் கெட்டது என்பதும் உறுதியானது. வெண்ணெயும் கெட்டதுதான், பிள்ளைகளும் குற்றவாளிகள்தான் என்று தீர்ந்தது வழக்கு. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் இப்படிப்பட்ட தீர்ப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

1807-இல் அதே ஹார்வர்டில் அழுகிய முட்டைக்கோசுக்காக ஒரு கலகம். 1828-இல் யேல் கல்லூரியில் ரொட்டிக்கும் வெண்ணெய்க்குமாக இன்னொன்று.

இதெல்லாம் நாக்கு ருசி சமாச்சாரம் என்று தோன்றும். ஆனால் ஒரு சேதியைக் கேளுங்கள். அந்தக் காலத்து ஹார்வர்டில் மாணவர்களின் பெயர்ப் பட்டியல் அகர வரிசையிலும் இல்லை, மதிப்பெண் வரிசையிலும் இல்லை. குடும்ப அந்தஸ்து வரிசையில் இருந்தது. கவர்னர் மகன் மேலே, குடியானவன் மகன் கீழே. கோயிலில் உட்காருவதும் அந்த வரிசைதான், சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுவதும் அந்த வரிசைதான். 1770-கள் வாக்கில்தான் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். எங்கள் வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர்களை அப்படி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு கேள்விகள் உண்டு. தட்டில் என்ன இருக்கிறது என்பது ஒன்று. யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்வி கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். இரண்டாவது கேள்வி அங்கே உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். நம் நாட்டில் இந்த இரண்டாவது கேள்வி எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட ஒரே ஒரு ஊர்ப் பெயர் போதும். சேரன்மாதேவி.

திருநெல்வேலிக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது சேரன்மாதேவி. அங்கே 1922-இல் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் ஆரம்பித்தார். ஐயரைச் சாதாரண ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். திருச்சி வரகனேரியில் 1881-இல் பிறந்தவர். லண்டனுக்கு பாரிஸ்டர் படிப்புக்குப் போய், அங்கே புரட்சிக்காரர்களோடு சேர்ந்து, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். பாரதியாரோடு பழகியவர். திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர். சிறையில் இருந்தபோது கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதியவர். அவருடைய 'குளத்தங்கரை அரசமரம்' கதையை உங்களில் தமிழ் படித்தவர்கள் பாடத்தில் பார்த்திருப்பீர்கள்.

அவர் கனவு நல்ல கனவு. வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம் குமாஸ்தாக்களைத்தான் செய்கிறது, நாம் தேசபக்தியுள்ள பிள்ளைகளைச் செய்வோம் என்று நினைத்தார். தமிழ், கைத்தொழில், உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்த படிப்பு. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, முதலில் 5,000 ரூபாய் கொடுத்தது. அந்தக் காலத்து 5,000 ரூபாய்! காங்கிரஸ் பணம் என்றால் ஊர் ஊராக எல்லாச் சாதிக்காரர்களும் உண்டியலில் போட்ட பணம். பிராமணரல்லாத செல்வர்கள் பலரும் தனியாக நன்கொடை கொடுத்தார்கள்.

அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி நடக்கிறது என்ற செய்தி வெளியே கசிந்தது.

பெரியார் பிற்காலத்தில் மேடைகளில் பலமுறை சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அந்தக் குருகுலத்தில் படித்தான். தாகம் எடுத்தபோது பிராமணப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டான். அதற்காக அவனை அடித்தார்கள். பையன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அழுதான். அப்பா பெரியாரிடம் வந்து சொன்னார். பந்தி மட்டுமல்ல, தண்ணீர்ப் பானையும் வேறு, போடுகிற பலகாரத்திலும் வேற்றுமை உண்டு என்பது பெரியார் தரப்பின் குற்றச்சாட்டு. ஐயர் தரப்போ, இரண்டே இரண்டு பிராமணப் பிள்ளைகள்தான் தனியாகச் சாப்பிடுகிறார்கள், அவர்களுடைய பெற்றோருக்கு அப்படி வாக்குக் கொடுத்துவிட்டோம், மற்றவர்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள் என்றது.

இரண்டு பிள்ளைகள். இரண்டு இலை. இதற்காகத் தமிழ்நாட்டுக் காங்கிரஸே இரண்டாகப் போனது!

அந்தச் சண்டையில் முன்னால் நின்ற தலைவர்களைப் பாருங்கள், நமக்கு எவ்வளவு பக்கத்து ஆட்கள் என்று தெரியும். குருகுலத்தை எதிர்த்துத் தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் விடாமல் எழுதியவர் டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு. அவர் பிறந்த ஊர் ராசிபுரம். நாம் மலையை விட்டு இறங்கி, கீழே ஜவுளி வாங்கப் போகிற அதே ராசிபுரம்தான். எதிர்ப்பக்கம் வாதாடியவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீலாக இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். இந்தச் சண்டை நடந்த அதே 1925-இல்தான் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்தார். அதுவும் இன்று நம் நாமக்கல் மாவட்டம். மூன்றாமவர் ஈரோட்டுக்காரர், ஈ.வெ.ராமசாமி. காங்கிரஸ் கமிட்டியின் பொறுப்பில் இருந்த அவர் பாக்கி 5,000 ரூபாயைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். தாமிரபரணிக் கரையில் விரித்த இலைக்குக் காவிரிக் கரைக்காரர்கள் மோதிக்கொண்டார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

ராஜாஜியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சாதி பார்ப்பவர் அல்ல. அவருடைய ஆசிரமத்தில் தாழ்த்தப்பட்டவர்களும் மற்றவர்களும் ஒன்றாக இருந்தார்கள். அதற்காக ஊர்க்காரர்களின் எதிர்ப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். பிறகு ஏன் எதிர்ப்பக்கம் நின்றார்? சேர்ந்து சாப்பிடுவது மனம் மாறி நடக்க வேண்டிய காரியம், தீர்மானம் போட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர் கட்சி. நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் கேட்ட கேள்வி வேறு. உங்கள் வீட்டில் நீங்கள் எப்படிச் சாப்பிட்டால் எங்களுக்கென்ன? இது எல்லாருடைய பணத்தில், தேசத்துக்காக என்று சொல்லி நடக்கும் பள்ளிக்கூடம். இங்கே ஒரு பிள்ளையை உசத்தி என்றும் ஒரு பிள்ளையைத் தாழ்த்தி என்றும் உட்கார வைக்க யாருக்கு உரிமை?

விவகாரம் காந்தியிடம் போனது. 1925 மார்ச் மாதம் அவர் வைக்கம் போகிற வழியில் சென்னைக்கு வந்திருந்தார். இரண்டு தரப்பும் அவரைப் பார்த்துப் பேசின. காந்தி ஒரு சமரசம் சொன்னார். அந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றட்டும், இனிமேல் சேருகிற யாருக்கும் அப்படி வாக்குக் கொடுக்க வேண்டாம் என்றார்.

இங்கே ஒரு வேடிக்கையான உறவு இருக்கிறது. வெண்ணெய்க்காக எழுந்து நின்றாரே ஆசா டன்பார், அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் ஹென்றி டேவிட் தோரோ. அநியாயமான அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று 1846-இல் ஒரு ராத்திரி ஜெயிலில் இருந்து, சட்டமறுப்பைப் பற்றி எழுதிய தோரோ. தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது காந்தி அந்தக் கட்டுரையைப் படித்துத் தன் போராட்டத்துக்குத் துணையாகக் கொண்டார். தாத்தா சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்து நின்றார். பேரன் எழுதினான். அதைப் படித்தவரிடமே சேரன்மாதேவிச் சாப்பாட்டுக் கூடத்தின் பஞ்சாயத்து வந்து நின்றது. சரித்திரம் சில சமயம் நம் கொல்லிமலை ரோடு மாதிரி. எழுபது வளைவு வளைந்தாலும் ஒரே ரோடுதான்.

காந்தியின் சமரசத்தால் சண்டை அடங்கவில்லை. இரண்டு பேருக்கு மட்டும்தானே என்று அவர்கள் சொன்னார்கள். இரண்டு பேர் என்றாலும் அதைத் தினம் மூன்று வேளை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகள் என்ன பாடம் படிப்பார்கள் என்று இவர்கள் கேட்டார்கள். ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு இரண்டாவது கேள்விதான் சரியாகப் படுகிறது. கரும்பலகையில் எழுதுவதைப் பிள்ளை மறந்துவிடும். எங்கே உட்கார வைத்தோம் என்பதை எழுபது வயதிலும் சொல்லும்.

1925 ஏப்ரல் கடைசியில் காங்கிரஸ் கமிட்டி கூடியது. பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது, தேசிய இயக்கத்தில் இருக்கிற எல்லா நிறுவனங்களும் அப்படியே நடக்க வேண்டும் என்ற தீர்மானத்தை எஸ். ராமநாதன் கொண்டுவந்தார். ஆதரவு 19, எதிர்ப்பு 7. தீர்மானம் நிறைவேறியது. ராஜாஜியும் அவரைச் சேர்ந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், கே. சந்தானம் முதலியோரும் கமிட்டியிலிருந்து விலகினார்கள்.

அடுத்த வாரமே, மே 2-ஆம் தேதி, ஈரோட்டில் 'குடி அரசு' பத்திரிகை பிறந்தது. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாடு திரு.வி.க. தலைமையில் நடந்தது. அங்கே வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கொடுக்கவில்லை என்று ஈ.வெ.ரா. வெளியேறினார். சுயமரியாதை இயக்கத்தின் கதை அங்கிருந்து வேகம் பிடிக்கிறது. சேரன்மாதேவி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டிப் போகாமல் 1925-க்குப் பிந்திய தமிழ்நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

ஐயரின் முடிவு துயரமானது. அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் குருகுலப் பிள்ளைகளோடு பாபநாசம் அருவிக்குப் போயிருந்தார். மகள் சுபத்திரை தண்ணீரில் விழுந்துவிட்டாள். காப்பாற்றக் குதித்தவர் திரும்பவில்லை. மகளும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 44. குருகுலமும் பிறகு பழையபடி எழுந்து நிற்கவில்லை. அவரைத் திட்டி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர் செய்ததில் குற்றமே இல்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள். என் எண்ணம் இது. அவர் நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த மனிதர். இரண்டு பெற்றோரிடம் "முடியாது" என்று சொல்லத்தான் துணியவில்லை. பெரிய காரியத்தில் இறங்குகிறவர்கள் சின்னதாகத் தெரிகிற இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். பந்தி அவருக்குச் சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கிறது.

வீட்டில் அழுத பையனின் அப்பா என்று சொன்னேனே, ஓமந்தூரார், அவர்தான் 1947-இல் சுதந்திரம் வந்தபோது சென்னை மாகாணத்தின் முதல்வர். எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற சட்டம் மாகாணம் முழுவதற்கும் அவர் ஆட்சியில் வந்தது.

உட்காருகிற இடத்துக்காகப் பிள்ளைகள் போராடியது நம் நாட்டில் மட்டும் இல்லை. 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி, அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நான்கு கறுப்பின மாணவர்கள் ஒரு கடையின் சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். அந்த நாற்காலிகள் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். காப்பி வரவில்லை. எழுந்திருக்காமல் கடை மூடும் வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளும் வந்தார்கள். நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது, மற்ற ஊர்களுக்கும் பரவியது. ஜூலை மாதம் அந்தக் கடை வழிக்கு வந்தது. அந்தப் பையன்கள் காப்பிக்கு ஆசைப்பட்டா போனார்கள்?

இப்போது நம் மலைக்கு வருகிறேன்.

மலை மேலே ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் நான் சில வருஷம் வேலை பார்த்தேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். நாட்டுக்கு நாடு நடந்து வந்து தங்கிப் படித்த பிள்ளைகள். வளப்பூர் நாட்டுப் பிள்ளையும் இருக்கும், குண்டூர் நாட்டுப் பிள்ளையும் இருக்கும். வீட்டில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தின்று வளர்ந்த பிள்ளைகள். (இப்போது சாமைக் கொல்லை எல்லாம் கீழே மாவு மில்லுக்குப் போகிற மரவள்ளியாகிவிட்டது, அது வேறு கதை.) விடுதியில் போட்ட அரிசிச் சோற்றில் புழு நெளிவது புதிதில்லை. பிள்ளைகள் பேசாமல் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடும்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்த பிறகு சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் அத்தனை பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாத் தட்டும் கவிழ்த்து வைத்திருக்கிறது. கோஷம் இல்லை, அழுகை இல்லை. என்னடா என்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து சொன்னாள்.

"புழு இருந்தா எடுத்துப் போட்டுட்டு தின்னுக்குவோம் சார். அரிசி மூட்டை இறக்க வந்தவரு, 'மலைப் புள்ளைங்களுக்கு இதுவே ஜாஸ்தி'ன்னு சிரிச்சாரு சார். அதான்."

அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். சேரன்மாதேவியையும் தெரியாது, கிரீன்ஸ்பரோவையும் தெரியாது. ஆனால் தட்டில் இருப்பது ஒன்று, தன்னை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பது இன்னொன்று என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முதலாவதைப் பொறுத்துக்கொண்டாள். இரண்டாவதைப் பொறுக்கவில்லை.

அன்றைக்கே பிள்ளைகளை வைத்து ஒரு மனு எழுதினோம். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியதுதான், என் வார்த்தை அதில் இல்லை. எழுதத் தெரிந்த எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மேலே அனுப்பினோம். "பிள்ளைகளைத் தூண்டிவிடுகிறீரா?" என்று எனக்கு ஒரு விளக்கக் கடிதம் வந்தது, பதில் எழுதினேன். இரண்டு வாரத்தில் அரிசி மாறியது. அந்த வார்த்தைக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. ஹார்வர்டில் வெண்ணெயை மாற்றியது போலத்தான் இதுவும். தட்டைச் சரி செய்வது சுலபம்.

இவ்வளவு எழுதிவிட்டு நம் தமிழ்நாடு செய்த நல்லதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். 1920-இல் சென்னை மாநகராட்சி, தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போட ஆரம்பித்தது. 1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சேரன்மாதேவி இருந்த அதே பழைய திருநெல்வேலிச் சீமையில்தான் எட்டயபுரமும் இருந்தது. தனிப் பந்திக்குப் பேர்போன சீமையில், முப்பது வருஷம் கழித்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பந்தி. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த வருஷம் மாநிலம் முழுவதும் வந்தது. இந்தத் திட்டங்களைப் பசிக்குப் போட்ட சோறு என்று மட்டும் நினைக்கிறோம். நான் அதை இப்படிப் பார்க்கிறேன்: சேரன்மாதேவித் தீர்மானத்தைக் காகிதத்திலிருந்து எடுத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் விரித்தது இந்தப் பந்திதான். அடுத்தவன் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைக்குத் தனியாக ஒரு சமத்துவப் பாடம் வேண்டாம்.

ஆனால் கதை முடிந்துவிடவில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில், சமையல் வேலைக்கு வந்த தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். அந்த அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த மாற்றலை ரத்து செய்தார்கள். 2023-இல் எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டியில் காலை உணவைப் பிள்ளைகள் தொடாமல் இருந்தார்கள். அங்கேயும் சமைத்தவர் யார் என்பதுதான் விஷயம். கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்ட படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் தாமாக அந்த எண்ணம் வருமா? 1922-இல் தனி இலை கேட்டதும் பெற்றோர், நூறு வருஷம் கழித்துத் தடுத்ததும் பெற்றோர். பிள்ளைகள் நடுவில் பட்டினி.

இதனால் இரண்டு விதமான சாப்பாட்டு எதிர்ப்பையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். என்னைத் தாழ்த்தாதே என்று பிள்ளை தட்டைக் கவிழ்ப்பது ஒன்று. இன்னொருத்தரைத் தாழ்த்துவதற்காகப் பெரியவர்கள் பிள்ளையின் தட்டைப் பிடுங்குவது இன்னொன்று. பார்வைக்கு இரண்டும் காலித் தட்டுதான். முதலாவதைக் கலகம் என்று அடக்குகிறோம். இரண்டாவதை ஊர் வழக்கம் என்று விட்டுவிடுகிறோம். தலைகீழாகச் செய்கிறோம்.

என் மாணவர்களில் பலர் இன்று விடுதிக் காப்பாளர்கள், ஆசிரியர்கள், சத்துணவு அமைப்பாளர்கள். மற்றவர்கள் எல்லாரும் அப்பா அம்மாக்கள். உங்களுக்கு இந்த வாத்தியார் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது. உங்களிடம் ஒரு பிள்ளை வந்து "சாப்பாடு சரியில்லை" என்று சொன்னால், நாக்கு நீளம் என்று வாயை அடைக்காதீர்கள். முதலில் அந்தச் சோற்றை நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு, "உன்னை எங்கே உட்கார வைத்தார்கள்? உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? யாராவது ஏதாவது சொன்னார்களா?" என்று கேளுங்கள். பிள்ளை உடனே சொல்லாது. கொஞ்சம் பொறுத்திருந்து கேளுங்கள்.

உங்கள் பள்ளிக்கூட, விடுதிச் சாப்பாட்டு நினைவுகளைக் கீழே எழுதுங்கள். நல்லதையும் எழுதுங்கள், மற்றதையும் எழுதுங்கள். உப்புமாவை நாய்க்குப் போட்ட இருவரும் கட்டாயம் எழுத வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
கொல்லிமலை